மூடியில் எழுதிய ஊர்

1

அந்தப் புதன்கிழமை, இரண்டு மூடிகளையும் அதனதன் பெட்டிக்குத்தான் போட்டேனா?

இரண்டு மாதமாக இந்த ஒரே கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது கேட்கிறேன். தொழுகையின் நடுவிலும் வந்து நிற்கிறது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். ஒரு நாள் 'ஓம், சரியாகத்தான் போட்டாய்' என்று மனம் சொல்கிறது. மறுநாள் அதே மனம் மாற்றிச் சொல்கிறது.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் என் நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் இலங்கையில் புத்தளத்துப் பக்கம், பள்ளிவாசல்துறையைச் சேர்ந்தவள். மகள் ஸைனபுக்கு இரண்டு வயதானபோது, என் கணவரின் வேலை விசாவில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு வந்தோம். இப்போது அவளுக்கு ஆறு வயது. இவர் தூரத்தில் ஒரு சுரங்கத்தில் மின்சார வேலை செய்கிறார். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். அந்த இரண்டு வாரமும் வீட்டில் நானும் மகளும் குளிர்சாதனப் பெட்டியின் சத்தமும்தான். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. நான்கு வருடமாகக் கையசைத்துக்கொள்கிறோம்.

நான் பூச்சிகளைச் சேகரித்து வைக்கும் ஒரு நிலையத்தில் பகுதிநேர உதவியாளராக இருக்கிறேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த பட்டம் இங்கே அவ்வளவுக்குத்தான் செல்லுபடியானது. ஆனாலும் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துவிட்டால், என் ஆங்கிலத்தை யாரும் கவனிக்கப் போவதில்லை என்ற நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காகவே இந்த வேலையை நான் விரும்பினேன். அதுவும் ஜூன் மாத முடிவு வரைக்குமான ஒப்பந்தம்தான்.

2

நான் பார்ப்பது கொப்புள ஈக்களை. ஊரில் இவற்றுக்குத் தனிப் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஈ என்றாலும் நுளம்பைப் போலத்தான் இருக்கும், நுளம்பிலும் சின்னது. தாய் ஈ இலையில் முட்டையிடும். புழு உள்ளே போனதும் அதைச் சுற்றி இலை வீங்கிக் கொடுக்கும். அந்த வீக்கம்தான் புழுவுக்கு வீடும் சாப்பாடும். வளர்ந்ததும் வீக்கத்தைத் துளைத்துக்கொண்டு ஈயாக வெளியே வரும். பிறகு ஓரிரு நாள் ஆயுள்.

எந்த மரத்து இலை தெரியுமா? எங்கள் ஊர் உப்பங்கழிக் களப்போரத்தில் ஆடு தின்னும் அதே கண்ணா என்ற அலையாத்தி மரம். வந்த புதிதில் இங்கே ஆற்று முகத்துவாரத்தில் அதைக் கண்டபோது, தெரிந்த ஆளைக் கண்டது போலக் கிட்டப் போய் நின்றேன். சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த வேர்கள், இலையின் வெள்ளை அடிப்பக்கம், எல்லாம் அதுவேதான். இலையின் மேல் உப்புப் படிந்திருக்கும். சின்ன வயதில் நானும் தங்கச்சி நஸ்ரினாவும் அதை நக்கியிருக்கிறோம். இலையில் கொப்புளங்கள் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆடு கொப்புளத்தோடு சேர்த்துத்தான் தின்றது. நாங்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். புத்தளத்து டியூஷன் வகுப்புக்குப் பஸ்ஸில் போகும்போது இதைப் பாடமாக்கிக்கொண்டே போவேன். அதில் 'சாதி' என்று படித்ததை இப்போது பேரினம் என்றும் எழுதுகிறார்கள். கண்ணா இலையில் கொப்புளம் போடும் ஒரு பேரினத்துக்கு ஆக்டிலாசியோப்டெரா என்று பெயர். கடற்கரை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு வேறொரு பழைய பேரினத்தின் பெயரைச் சேர்த்து வைத்தது என்று எனக்குச் சொன்னார்கள். இந்தப் பேரினத்தில் பல இனங்கள் உண்டு. ஒன்று இலையின் மேல் கொப்புளமாக எழுப்பும். இன்னொன்று இலையின் அடியில் வளர்க்கும். ஒன்று கிரீடம் மாதிரி விளிம்பு கட்டும். மரம் ஒன்று, இலை ஒன்று, வீடுகள் வேறு வேறு.

இதில் ஓர் இனத்துக்கு, இந்தப் பேரினம் உருவாகும் முன்பே யாரோ வேறு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டிருந்தார்கள். பிறகு இந்தப் பேரினத்துக்கு மாற்றினார்கள். அப்படி மாற்றும்போது முதலில் பெயர் வைத்தவரை அழித்துவிடுவதில்லை. அவருடைய பெயரை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. இங்கே எல்லாப் படிவத்திலும் வாப்பாவின் பெயர்தான் என் குடும்பப் பெயர். மகளுக்கோ அவளுடைய வாப்பாவின் பெயர். அதனால் பாடசாலை அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும், நான்தான் அவளைப் பெற்றவள் என்று அடையாள அட்டை காட்ட வேண்டும்.

3

வேலையில் சேர்ந்த முதல் நாளே ரூத் எனக்கு ஒரு விதி சொன்னார். அவர்தான் இந்த ஈக்களை ஆராய்ந்து வகைப்படுத்துபவர், என் மேலாளர், என்னைவிட ஏழெட்டு வயது கூட. அந்த விதி இதுதான்: கொப்புள இலைகளை வைத்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் மூடியில் எதையும் எழுதாதே. எங்கே, எந்த மரத்தில், எப்போது பறித்தது என்று கடதாசித் துண்டில் பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள்ளேயே போடு. மூடி எந்தப் பெட்டிக்கும் போகும். உள்ளே இருக்கும் துண்டு எங்கேயும் போகாது.

தலையாட்டினேன். விளங்கியது. ஆனால் கை வேறு இடத்தில் பழகியது. எங்கள் வீட்டில் உம்மா காலியான பால்மாப் பேணிகளில், அந்தத் தகர டப்பாக்களில்தான் தூள்களைப் போட்டு வைப்பார். பேணிகள் எல்லாம் ஆழமான ஒரு மரப் பெட்டிக்குள் இருக்கும். மேலிருந்து பார்த்தால் மூடிதான் தெரியும். ஆகவே எங்கள் வீட்டில் பெயர் மூடியில்தான்.

திங்கட்கிழமை இரண்டு பெட்டிகள் தயார் செய்தேன். ஒன்றில், அதற்கு முந்திய ஞாயிறு நானும் ஸைனபும் முகத்துவாரத்தில் பறித்த இலைகள். பறிக்கும்போது ஒரு இலையை நாக்கில் வைத்துக் காட்டி, "உப்பு மகள், நக்கிப் பாருங்க" என்றேன். "மம்! உவ்வே!" என்று தூர ஓடினாள். உம்மா என்று கூப்பிட்டவள் பாடசாலைக்குப் போய் ஒரு வருடத்தில் மம் ஆக்கிவிட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சில நேரம் பதிலே வராது. பாடசாலைப் படிவத்தில் வீட்டு மொழி என்ற இடத்தில் முதல் வருடம் 'தமிழ்' என்று எழுதினேன். இந்த வருடம் 'ஆங்கிலம், தமிழ்' என்று எழுதினேன். அந்த வரிசையை மாற்ற நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

மற்றப் பெட்டியில், ரூத் விமானத்தில் போய் வடக்குக் கரையில் பறித்துவந்த இலைகள். அதே மரம், அதே மாதிரிக் கொப்புளம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடதாசித் துண்டுகள் அன்று முடிந்திருந்தன. புதியது வரும் வரைக்கும் என்று, ஒரு மூடியில் 'வடக்கு' என்றும் மற்றதில் 'முகத்துவாரம்' என்றும் மையால் எழுதினேன். இரண்டு நாள்தானே.

புதன்கிழமை காலை மூடிகளின் உள்பக்கத்தில் நீர் கோத்திருந்தது. துடைக்காவிட்டால் இலையில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டையும் கழற்றித் துடைத்து, ஈரப் பக்கம் காயட்டும் என்று மல்லாத்தி வைத்தேன். எழுத்து கீழே போய்விட்டது. அந்த நேரம் பாடசாலையிலிருந்து தொலைபேசி: ஸைனப் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள், உடனே வந்து கூட்டிப்போக வேண்டும்.

கார்த் திறப்பு சாவிக் கொத்தோடு பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. எடுப்பதற்காக ஒரு பெட்டியை நகர்த்தினேன். அதுவரைக்கும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. நகர்த்திய பெட்டியை அதே பக்கம் வைத்தேனா, மற்றதைத் தாண்டி வைத்தேனா? இடது மூடியை இடது பெட்டிக்கும் வலது மூடியை வலது பெட்டிக்கும் போட்டுவிட்டு ஓடினேன். பாடசாலை அலுவலகத்தில் அடையாள அட்டையை நீட்டியபோதுதான் முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது.

அடுத்த நாள் புதுக் கடதாசி வந்தது. மூடியைப் பார்த்து அதிலிருந்ததைத் துண்டில் எழுதி உள்ளே போட்டேன். சந்தேகம் அப்போதே இருந்தது. பென்சிலால் எழுதி முடித்ததும், அது இல்லாதது மாதிரி ஆகிவிட்டது.

4

பத்து நாளில் ஈக்கள் வந்தன. 'வடக்கு'ப் பெட்டியிலிருந்து ஒன்பது. மற்றப் பெட்டியிலிருந்து ஒன்றுமே வரவில்லை. நான்தான் அவற்றைக் கண்ணாடித் துண்டுகளில் பதித்தேன். சிறகைத் தனியாக, தலையைத் தனியாக, உடலைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். மூச்சு விட்டால் சிறகு பறந்துவிடும்.

ரூத் ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். கதிரையை விட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"இங்கே வாருங்கள். இந்தப் பெண் ஈயின் முட்டையிடும் உறுப்பின் நுனியைப் பாருங்கள்."

பார்த்தேன். இந்தப் பேரினத்தின் மற்ற இனங்களில் நான் பார்த்துப் பழகிய வடிவம் அதில் இல்லை.

"இது பேரினத்துக்குள் அடங்கவில்லை," என்றார். "ஒன்று, பேரினத்தின் வரையறையையே திருத்த வேண்டும். இல்லையென்றால் இது புதுப் பேரினம். முகத்துவாரத்தில் நான் இத்தனை வருடம் பறிக்கிறேன், இப்படி ஒன்று வந்ததே இல்லை. வடக்கில்தான் இருந்திருக்கிறது!"

என் தோளில் தட்டினார். இந்த நாட்டில் யாரும் என் தோளில் தட்டியதில்லை. அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். "பதித்தது நன்றாக வந்திருக்கிறதா?" என்று கேட்டேன். "அருமை" என்றார்.

அதே வாரம் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் படிவம் வந்தது. பதினொரு பக்கம். எட்டாவது பக்கத்தில் ஒரு கேள்வி: 'வேலையில் நீங்கள் விட்ட ஒரு பிழையையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் விபரிக்கவும்.' நான் எழுதினேன், ஒரு தடவை அறைத் திறப்பை நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. உண்மையான பிழையை மறைக்க, செய்யாத பிழையை ஒப்புக்கொண்டேன். கற்றுக்கொண்டது என்ற இடத்தில் 'நேரம் தவறாமை' என்று எழுதினேன்.

5

ஒரு ஞாயிற்றுக்கிழமை நஸ்ரினா வீடியோவில் வந்தாள். அவள் ஊரில் ஆசிரியை. உம்மாவோடுதான் இருக்கிறாள். ஸைனப் திரைக்கு முன்னால் வந்து ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டு, தரையில் குப்புறப் படுத்துப் படத்துக்கு நிறம் தீட்டப் போய்விட்டாள்.

"ராத்தா, என்ன ஒங்கட மொகம் இப்புடி இரிக்கி? மச்சான் வரல்லயா?"

"வெள்ளிக்கிழமதான் வருவார்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூடி, திறப்பு, வாந்தி, ஒன்பது ஈ. நஸ்ரினா வாயில் கை வைத்துக் கேட்டாள்.

"அல்லாஹ்வே, இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோ எண்டு பயந்துட்டன். ஒரு ஈட ஊர் மாறினா என்ன ராத்தா? அது என்ன ஐடி கார்ட் எடுக்கவா போகுது?"

"அப்புடி இல்லடி. எந்த எடத்துல புடிச்ச எண்டுறதுதான் முக்கியம். இல்லாத ஊருல ஒரு புது ஈ இரிக்கிண்டு எழுதி வெச்சா, பொறகு வாறவன் எல்லாம் அங்க போய்த் தேடுவான்."

"அப்ப சொல்லிடுங்க."

"சொன்னா வேல போயிரும்."

"அப்ப சொல்லாதீங்க."

"சொல்லாம எப்புடி நஸ்ரி..."

"டியூஷனுக்குப் போக பாலாவிச் சந்தியில நிண்ட மாதிரியே நிக்கிறீங்க. ரெண்டு பஸ்ஸ உட்டுட்டு மூணாவதுல ஏறுவீங்க. ஏறிட்டு, இது புத்தளம்தானே போகுதெண்டு கண்டக்டர்ட்ட கேப்பீங்க. புத்தளம் எண்டு முன்னுக்கு எவ்வளவு பெரிசா எழுதியிரிக்கும்!"

உம்மா பின்னாலிருந்து தலையை நீட்டினார். "என்ன, மூடியில எழுதினதாம் பிழ? என்ட பேணி எல்லாம் மூடியிலதான் எழுதியிரிக்கி. ஒரு நாளாவது கறி பிழச்சிரிக்கா?"

"ஏன் உம்மா, அந்தப் பெருநாளைக்கி வட்டிலாப்பத்துக்கு ஏலக்காத் தூள் எண்டு பெருஞ்சீரகத்த எடுத்தீங்களே," என்றாள் நஸ்ரினா.

"அது ஒன்ட ராத்தா பேணியெல்லாம் கழுவி, மாத்தி மூடினதால! அதையும் நான் போடல்லயே. தொறந்த ஒடனயே மணத்துல புடிச்சிட்டன்." உம்மா திரைக்குக் கிட்ட வந்தார். "புள்ள, அந்த ஈயையும் ஒருக்கா மணந்து பாரேன்."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு அழுகையில் போய் நின்றது. ஆக, இது என் இரண்டாவது மூடி. அன்று உம்மாவுக்கு மூக்கு இருந்தது. இங்கே எனக்கு என்ன இருக்கிறது? ஈக்கள் வந்து முடிந்த பிறகு இலைகளை உறைய வைத்து எறிந்துவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை மட்டும் பிழையில்லாமல் செய்திருந்தேன்.

ஸைனப் தலை நிமிரவேயில்லை. எங்கள் கதை அவளுக்கு விளங்காது என்றுதான் ஒரு வருடமாக நினைத்திருந்தேன். அதனால்தானே அவளுக்கு முன்னால் எல்லாவற்றையும் கதைத்தேன்.

6

பாடசாலை விடுமுறை வந்தது. இவர் சுரங்கத்தில். பிள்ளையை விட்டுப்போக ஆள் இல்லாததால், ரூத்திடம் கேட்டு வேலைக்குக் கூட்டிப்போனேன். ரூத் அவளை உயரமான கதிரையில் ஏற்றி, அந்த ஒன்பதில் ஒன்றை நுணுக்குக்காட்டியில் காட்டினார். மேசையில் ரூத் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை கிடந்தது. முதல் பக்கத்திலேயே வடக்குக் கரையின் பெயர்.

"இது எந்தப் பெட்டியில் வந்தது?" என்று ஸைனப் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வடக்குப் பெட்டியில்," என்றார் ரூத்.

ஸைனப் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "உம்மாவுக்கு அது தெரியாது. மூடி மாறியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும்."

முழுவதும் ஆங்கிலம். உம்மா என்ற ஒரு சொல்தான் தமிழ். எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல. இவளுக்கு விளங்கியிருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருக்கிறது என்ற சந்தோசம்தான் முதலில் வந்தது. ஒரு மூச்சு அளவுக்கு இருந்தது. அதற்குப் பிறகுதான் ரூத்தின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்படியா?" என்றார்.

சொன்னேன். கடதாசி முடிந்தது, மூடியில் எழுதியது, நகர்த்திய பெட்டி, அடுத்த நாள் பார்த்து எழுதிய துண்டு. சொற்கள் முன்னுக்குப் பின்னாக வந்தன. முடித்ததும் ரூத் கேட்டார்.

"எப்போதிலிருந்து இந்தச் சந்தேகம்?"

"அன்றிலிருந்தே."

அதற்குத்தான் அவர் முகம் மாறியது. மூடிக்கு அல்ல.

கட்டுரையைக் கவிழ்த்து வைத்தார். பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டி, "நீங்களே எழுதுங்கள்," என்றார். ஒன்பது கண்ணாடித் துண்டின் சீட்டிலும் 'இடம் நிச்சயமில்லை' என்று எழுதினேன். இனி அந்த ஒன்பதையும் வைத்து எதையும் வகைப்படுத்த முடியாது. புதுப் பேரினமா, பழையதை அகலமாக்குவதா என்ற கேள்வியும் அப்படியே நிற்கும். அடுத்த பருவத்தில் இரண்டு இடத்திலும் மறுபடி இலை பறித்து, மறுபடி காத்திருக்க வேண்டும்.

என் ஒப்பந்தத்தைப் பற்றி ரூத் எதுவும் சொல்லவில்லை. எட்டாவது பக்கத்தைத் திருத்தித் தருகிறேன் என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். சமர்ப்பித்த படிவத்தைத் திருத்த வழியில்லை என்று பதில் வந்தது. கீழே, என் ஒத்துழைப்புக்கு நன்றி என்றும் இருந்தது.

இதெல்லாம் நடந்து முடிந்தது. இதற்காக நான் இதை எழுதவில்லை.

அன்று காரில் ஏறியதும் மகளை ஏசிவிட்டேன். "வீட்டுக் கதைய வெளியில போய்ச் சொல்ற புள்ளயா நீ? ஒன்ட வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இரிக்கத் தெரியாதா?" தமிழில்தான் ஏசினேன். விளங்கும் என்று இப்போது தெரியுமே. அவள் இருக்கைப் பட்டியைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியவில்லை, ரூத்துக்கும் தெரியவில்லை, அதனால்தான் சொன்னேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அத்தனை நாளும் சொல்லத் துணியாததை அந்தப் பிள்ளை ஒரு வாக்கியத்தில் சொன்னது. அதற்குக் கிடைத்தது ஏச்சு.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து அழைப்பு வந்தால் ஸைனப் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். "அது உங்களுடைய கதை மம், நான் கேட்கவில்லை," என்கிறாள். குறும்புக்காக அல்ல, நல்ல பிள்ளையாக நடக்கிறாள். நான் சொன்னதற்குக் கீழ்ப்படிகிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. இவரிடம் சொன்னால், "சின்னப் புள்ளதானே, மறந்துருவா," என்கிறார். மறந்துவிடுவாள் என்பதுதான் எனக்குப் பயம். எதை முதலில் மறப்பாள்?

பிள்ளைகளை வெளிநாட்டில் வளர்த்தவர்களே, ஊரில் வளர்த்தவர்களும்தான், மூடியைப் பற்றி எனக்கு எதுவும் எழுத வேண்டாம். அதற்கு அடுத்த பருவத்து இலைதான் பதில். நான் கேட்பது வேறு. சரியாக நடந்த பிள்ளையை ஏசிவிட்டேன். மன்னிப்பும் கேட்டுவிட்டேன், ஆங்கிலத்தில், ஏனென்றால் நான் தமிழில் தொடங்கினால் கை காதுக்குப் போகிறது. அந்தக் கையை இழுக்காமல், அவளாகவே எடுக்கும்படி, வீட்டில் எந்தக் கதையை எப்படித் தொடங்க வேண்டும்? இந்த ஞாயிற்றுக்கிழமை நஸ்ரினா மறுபடி அழைப்பாள். அதற்கு முன்னால் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.